சாப்பாட்டுக்கு முன்னால்

அந்த வீட்டின் சுத்தம்தான் அர்த்தநாரிக்கு முதலில் உறுத்தியது. வீடு என்றால் நாற்காலி முதுகில் ஒரு துண்டு தொங்கும், சன்னல் கட்டையில் பல் உடைந்த சீப்பு ஒன்று கிடக்கும், மனிதர்கள் புழங்குகிறார்கள் என்பதற்கு ஏதாவது தடயம் இருக்கும். இங்கே நான்கு பிரம்பு நாற்காலிகளும் ஆள் வரப்போவது தெரிந்து நிறுத்திவைத்த மாதிரி நின்றன. தெரியாமல் என்ன, அவர்கள்தானே வரச் சொன்னார்கள் என்று இன்னொரு நினைப்பு உடனே குறுக்கே வந்தது. வந்தாலும் முதல் நினைப்பு போய்விடவில்லை, ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்துகொண்டது. 'ஞாயித்துக்கிழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க, பிள்ள நல்லாத்தான் இருக்கா, நேர்ல பேசுவோம்' என்று மகள் படிக்கிற பல்கலைக்கழகத்துக் கணக்குப் பேராசிரியர் ஞானதிரவியம் போனில் சொன்னதிலிருந்தே இப்படித்தான். நல்லா இருக்கிற பிள்ளையைப் பற்றி எவனாவது போன் பண்ணி நல்லா இருக்கிறாள் என்று சொல்வானா? அதுவும் கிழமைகளிலெல்லாம் பொறுக்கி எடுத்து, கிறிஸ்தவர்களான அவர்கள் கோயிலுக்குப் போய்வருகிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து. திருச்செங்கோட்டில் பஸ் ஏறக் கிளம்பும்போது அவர் வேண்டுமென்றேதான் கருப்புச் சட்டையை எடுத்து மாட்டினார். "இத்தன நாள் கழிச்சுப் புள்ளயப் பாக்கப் போறீங்க, ஒரு வெள்ளச் சட்டயப் போட்டா என்னங்க" என்று மனைவி பாவாத்தாள் கேட்டும் அதைக் கழற்றவில்லை. வருகிற ஆள் யாரென்று வாசலிலேயே தெரிந்துவிட வேண்டும். போர் போடுகிற ரிக் வண்டியில் பாதி ஆயுசைக் கழித்தவர், பகுத்தறிவுக் கூட்டங்களில் மைக் இல்லாமலே பேசுகிறவர், உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிற ஆசாமிகளை எத்தனையோ தோட்டங்களில் கேள்வி கேட்டே விரட்டியவர். பெற்றவர்கள் மலைமேல் இருக்கிற சாமி பேரை வைத்துவிட்டார்கள், அதற்கு அவர் என்ன செய்வார்? தன் பிள்ளைக்குச் சாமி வாடையே இல்லாமல் சுடர்க்கொடி என்று வைத்தார். அந்தச் சுடர்க்கொடிதான் சற்றுமுன் கதவைத் திறந்தாள். "வாங்கப்பா" என்றாள். பையை வாங்கிக்கொண்டாள். நெற்றியில் பொட்டு இல்லை.

பொட்டு எதற்கு என்று மேடையில் கேட்டவரே அவர்தான். கேட்டதோடு நிற்காமல் வீட்டிலும் கேட்டு, பாவாத்தாள் மூன்று நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். அப்படிப்பட்டவருக்கு, மாதக்கணக்கில் பார்க்காத மகளைப் பார்த்ததும், இளைத்திருக்கிறாளா, கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறதா என்று பார்க்காமல், கண் நேராக நெற்றிக்குப் போனது எதற்கு? பாவாத்தாள் கேட்டால் சொல்ல வேண்டுமே, அதற்காகத்தான் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். அது நிற்கவில்லை. உள்ளே சமையல் கட்டிலிருந்து தேங்காய்ப்பால் கொதிக்கிற மணமும் ஆட்டுக்கறி மணமும் வந்தன. ஒரு பெண் குரல் ஏதோ சொன்னது, அவருக்குக் கேட்கவில்லை. ரிக்கின் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது அநேகமாகப் போய்விட்டது, வலது காதில்தான் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் சுடர் பதில் சொன்னது நன்றாகக் கேட்டது. "இந்தா வருதேன் அத்தை." வருதேன். திருச்செங்கோட்டுப் பிள்ளை வர்றனுங்க என்றல்லவா சொல்லும். இவர்களுடைய தெற்கத்திப் பேச்சு நாக்கில் ஏறிவிட்டது. பேச்சு ஏறின இடத்தில் வேறு என்னென்ன ஏறியிருக்கும்? அப்புறம், அத்தையாமே. பேராசிரியரின் மனைவி, அவரும் அதே பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவர், பேர் எமிலி என்று போனில் சொல்லியிருந்தார். எமிலி மேடம் எப்போது எமிலி அத்தை ஆனார்? எங்கள் பக்கம் அத்தை என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அத்தை என்றால் அந்த அத்தைக்கு ஒரு மகன் இருக்க வேண்டும். இருந்தான். எதிர்ச் சுவரோரம் கண்ணாடி அலமாரிக்குள் கோட்டுப் போட்ட ஒரு பையன் சட்டத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அர்த்தநாரி வாசல் பக்கம் திரும்பினார். பேராசிரியர் போன் வந்தது என்று வெளியே போயிருந்தார், வாசலில் உடைமரத்து நிழலில் அவருடைய வெள்ளைச் சட்டை அசைவது தெரிந்தது. வயசானவர், ஒல்லி, பேசும்போது தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்கிறவர். போன் வந்ததா, இல்லை நம்மை இந்தப் படத்தோடு தனியாக விட்டுப் பார்க்கிறாரா? சே, இது என்ன புத்தி. சரி, அப்படியே இருக்கட்டும், அதில் என்ன தப்பு என்று அவருக்குள்ளிருந்த மேடைக்காரர் எழுந்து கேட்டார். சாதி விட்டு, மதம் விட்டு எத்தனை கல்யாணத்துக்கு நீ மாலை எடுத்துக் கொடுத்திருக்கிறாய்? பிள்ளையைப் பெற்றவர்கள் அரிவாளோடு வந்தபோது எத்தனை தடவை நடுவில் போய் நின்றிருக்கிறாய்? நின்றேன், இல்லை என்று யார் சொன்னது. ஆனால் அந்தப் பிள்ளைகள் தானாக வந்தவர்கள். இது வேறு. தனியாகக் கிடக்கிற பிள்ளையாகப் பார்த்து, சோறு போட்டு, அத்தை என்று சொல்லவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. கொஞ்சம் கொஞ்சமாக என்ன? அதற்குமேல் நினைப்பு ஓடவில்லை, வண்டிச் சக்கரம் சேற்றில் சுற்றுகிற மாதிரி அங்கேயே சுற்றியது. சமையல் கட்டு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தட்டில் டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. கல்யாண வீடு மாதிரி அத்தனை டம்ளர்கள். ரெண்டே பேர் இருக்கிற வீட்டில் எதற்கு? மதத்துக்கு ஆள் சேர்க்கிற இடம்தான் இது, சந்தேகமில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பையன்களும் பிள்ளைகளுமாக வந்து தரையில் உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், பிறகு யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார். மெதுவாகத்தான் ஆரம்பிப்பார்கள். இவர்கள் எல்லாவற்றையும் மெதுவாகத்தான் பேசுகிறார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து அலமாரிக்கிட்டே போனார். போனபோதுதான் தெரிந்தது, பிளாஸ்டிக் பூச்சாடி ஒன்று படத்தின் பாதியை மறைத்திருந்தது. மறைந்த பாதியில் பட்டுச் சேலை கட்டிய ஒரு பெண், அவள் இடுப்பில் மொட்டைத் தலையோடு ஒரு குழந்தை.

"என் மூத்தவன்" என்று பின்னால் குரல் கேட்டது. ஞானதிரவியம் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "மஸ்கட்ல இருக்கான். பேரன் இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கான்." நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின கையோடு இன்னொன்று ஏறியது. "மூத்தவன்னா, அப்ப எளையவரு?" என்று கேட்டார். கேட்டது வீடு முழுக்க ஒலித்திருக்கும், அவருக்கு மெதுவாகக் கேட்கத் தெரியாது. பேராசிரியர் சிரித்தார். "ஒரே பையன்தான் ஐயா. மூத்தவன்னு சொல்லிப் பழகிப்போச்சு. மத்ததெல்லாம் இங்க படிக்க வார பிள்ளைங்க." மத்ததெல்லாம். அந்தச் சொல்லில் சுடர் எங்கே இருக்கிறாள் என்று அர்த்தநாரி தேடினார். ஊரான் வீட்டுப் பிள்ளையை மத்ததெல்லாம் என்று கணக்கில் சேர்த்துக்கொள்ள இவர் யார்? ஒரு மனுசன் சும்மா இருப்பானா, சும்மா சோறு போடுவானா, சும்மா இன்னொருத்தன் பிள்ளைக்கு மெனக்கெடுவானா? போடுவான், நீ போடவில்லையா, உன் வீட்டில் எத்தனை தோழர்கள் சாப்பிட்டார்கள் என்று மேடைக்காரர் ஆரம்பித்தார். அவரை வாயை மூடச் சொன்னார். அது வேறு. எது வேறு என்று கேட்காதே, வேறு என்றால் வேறுதான். பேராசிரியர் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டார். போட்டவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தூக்கி வலது பக்கமாகக் கொண்டுவந்து வைத்து உட்கார்ந்தார். "இந்தக் காதுதான் கேக்கும்னு சுடர் சொன்னா." அதுவும் சொல்லிவிட்டாளா. இன்னும் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள்?

ஞானதிரவியம் சொன்னது நீளமாக இல்லை. சுடர் ஆவணி மாதத்திலிருந்தே வகுப்புக்கு வருவது குறைந்துபோயிற்று. கணக்கில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை, கையெழுத்து மட்டும் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது, பிறகு அவளே வரவில்லை. ஹாஸ்டல் ரூமில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை, சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. கூட இருக்கிற பிள்ளை பயந்துபோய் எமிலியிடம் வந்து சொன்னது. எமிலி போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள், ஒன்றும் பேசவில்லை, சாயந்திரம் வரைக்கும் உட்கார்ந்தே இருந்தாள். அப்புறம் சுடர் தானாக எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே இந்த வீட்டுக்கு வந்தாள், அன்றிலிருந்து இங்கேதான். "மனசுக்குப் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட கூட்டிட்டுப் போனோம். மாத்திரை சாப்பிடுதா. முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவல." அர்த்தநாரி அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்கில் முதல் கொஞ்ச நேரம் வெறும் மண் வரும், அப்புறம் பாறைத் தூள் புகையாக எழும்பும், முகமெல்லாம் அப்பும், அடியில் என்ன இருக்கிறது என்று அப்போது ஒன்றும் தெரியாது. "பரீச்ச?" என்று கேட்டார். "எழுதல. நான்தான் இந்தத் தடவ வேண்டாம்னேன்." "நீங்க யாருங்க வேண்டாங்கறதுக்கு?" சமையல் கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. "எனக்கேனுங்க ஒரு போன் பண்ணல? பெத்தவன் ஒருத்தன் இருக்கறனா இல்லையா?" "பண்ணுதேன்னு சொன்னேன். அப்பாவுக்கு வேண்டாம்னு அழுதா. அவளே சரின்னு சொன்னப்புறம்தான் ஐயா உங்களக் கூப்பிட்டேன். தப்புன்னா தப்புதான், நீங்க திட்டலாம்." திட்டலாம் என்று ஒருவர் முகத்தை நீட்டினால் எங்கே பிடித்துத் திட்டுவது? வழுக்கைப் பாறையில் துளைபோடுகிற பிட் வழுக்குகிற மாதிரி வழுக்கியது. அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு பொய். ஒரே ஒரு பொய் கிடைத்தால் போதும், மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம். "செபம் பண்ணுனீங்களா?" என்று கேட்டார். மறைப்பார், மழுப்புவார் என்று எதிர்பார்த்தார். "பண்ணுனோம். இப்பவும் தினம் பண்ணுதோம். அவளை உக்கார வச்சு இல்ல. நானும் எமிலியும் எங்க ரூம்ல. எங்களுக்குத் தெரிஞ்சது அது, அத ஏன் மறைக்கணும்?"

அப்பாவுக்கு வேண்டாம். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றில்லை, அப்பாவுக்கு வேண்டாம். இவர்கள் பக்கத்துப் பேச்சு அப்படி இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அவர் உள்ளே போய் எங்கேயோ சிக்கிக்கொண்டது. கைகழுவ வாங்க என்று எமிலி வந்து கூப்பிட்டார், குட்டையான பெண்மணி, சேலை முந்தானையில் மஞ்சள் கறை, பார்த்தால் வில்லத்தனம் ஒன்றும் தெரியவில்லை. அதனால் என்ன, தெரிந்துவிடவா போகிறது. தாழ்வாரம் வழியாகப் பின்பக்கம் நடந்தபோது சாயந்திர நேரத்துப் போன் ஞாபகம் வந்தது. தினமும் கூப்பிடுவார். வொர்க் ஷாப்பில் பிட்டைச் சாணை பிடிக்கிற சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, இன்னிக்கு என்ன படிச்சே கண்ணு என்பார். அவள் ஏதோ சொல்வாள். கேக்கல, கேக்கல என்பார். அவள் கத்துவாள். புரியுதா, பாடம் புரியுதா? புரியுதுப்பா! என்னது? புரியுதுப்பா! பக்கத்தில் நிற்கிற தோழர்களைப் பார்த்துச் சிரிப்பார், எம்பட மக கணக்குல எவ்வளவு தூரம் போயிட்டா தெரியுங்களா என்பார். ஹாஸ்டல் வராந்தாவில் நின்றுகொண்டு ஊருக்கெல்லாம் கேட்கும்படி புரியுதுப்பா என்று கத்திக்கொண்டிருந்தவள், போனை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். எத்தனை நாள் அப்படி? புரியல என்று கத்த முடியுமா? சில சொற்களைக் கத்திச் சொல்ல முடியாது, மெதுவாகத்தான் சொல்ல முடியும். அவருக்கு மெதுவாகச் சொன்னால் கேட்காது. இந்த வீட்டில் எல்லோருக்கும் நல்ல காது. அதுதான் இவர்களுடைய தந்திரம் என்று நினைக்கப் பார்த்தார். அந்த நினைப்பு பாதி வழியில் நின்றுபோயிற்று.

பின்பக்கக் குழாயடியில் சுடர் துண்டோடு நின்றாள். கை கழுவினார். தேவைக்குமேல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கேட்க வேண்டியது ஒன்றுதான், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மாத்தர எப்பப்ப சாப்பிடற?" "காலைலயும் நைட்டும்ப்பா." "அம்மாகிட்டச் சொல்லட்டுமா?" "நானே சொல்லுதேன்." மறுபடியும் அந்த லுதேன். பொறுக்க முடியவில்லை. "நீ இவங்க கோயிலுக்குப் போறயா அம்மிணி?" அவள் தயங்காமல் சொன்னாள். "ரெண்டு மூணு வாரமாப் போறேன். அவங்க கூப்பிடல. வீட்ல தனியா இருக்கப் பயமா இருந்துச்சு, நானும் வரட்டுமான்னு கேட்டேன். கடைசி பெஞ்சுல உக்காந்துக்குவேன். பாட்டுப் பாடுவாங்க. யாரும் என்னய ஒண்ணும் கேக்க மாட்டாங்க." "தண்ணியில முக்கறது?" என்று கேட்டார். ஞானஸ்நானம் என்கிற வார்த்தை வாய்க்கு வரவில்லை, வரவிடவும் இல்லை. "இல்லப்பா" என்றாள் சுடர். துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எடுத்தா உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் எடுப்பேன்."

எடுத்தா. எடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எதுக்குப்பா இதெல்லாம் கேக்கறீங்க என்று கோபப்பட்டிருக்கலாம். எடுத்தா என்றாள். பொய் சொல்லக்கூடாது என்று அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தவர் அவர், எதையும் சோதித்துப் பார், நீயே முடிவு பண்ணு, அப்பன் சொன்னாலும் நம்பாதே என்று ஊர் ஊராகச் சொன்னவர் அவர். இப்போது அந்தப் பிள்ளை நீயே முடிவு பண்ணு என்றதை அப்படியே எடுத்துக்கொண்டு நிற்கிறது. இவர்கள்தான் சொல்லச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இல்லை, இது என் பிள்ளை பேசுகிற பேச்சுத்தான். அதுதான் வலித்தது. "கணக்கு?" என்று மட்டும் கேட்டார். "ஒரு வருஷம் நிறுத்திக்கட்டுமாப்பா?" என்றாள். அவள் குரல் இறங்கிவிட்டதால் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து எமிலி கூப்பிட்டுவிட்டார்.

மேசையில் நான்கு தட்டுகள். ஞானதிரவியம் தலைப்பக்கம், எமிலி அவர் பக்கத்தில், அர்த்தநாரிக்கு எதிரே சுடர். சோறு போட்டு, கறி ஊற்றி, பொரியல் வைத்தார்கள். பசி அவருக்கு, பஸ்ஸில் ஒன்றும் சாப்பிடவில்லை. கை சோற்றுக்குள் போய்ப் பிசையத் தொடங்கியபோது பேராசிரியர் தலையைச் சாய்த்து அவர் பக்கம் குனிந்தார். "நாங்க சாப்பிடுறதுக்கு முன்னால செபம் பண்ணுவோம் ஐயா. உங்களுக்குச் சங்கடமா இருந்தா மனசுக்குள்ள சொல்லிக்கிடுதோம்." இதோ வந்துவிட்டது, இதற்காகத்தானே சோறு என்று உள்ளே ஒன்று குதித்தது. "உங்க ஊடு, உங்க பழக்கம். பண்ணுங்க" என்றார். கணவனும் மனைவியும் கண்ணை மூடினார்கள். அர்த்தநாரி மூடவில்லை. எதற்கு மூட வேண்டும்? மூடாமல் இருப்பதற்கே அவர் வந்திருந்தார். சோற்றில் புதைந்த கையோடு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பேராசிரியரின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை, வந்தாலும் அவருக்குக் கேட்காது. சுடர் என்ற பேரைச் சொல்கிறாரா என்று உதட்டையே பார்த்தார். சொன்ன மாதிரியும் இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது. சரி, சுடர் என்ன செய்கிறாள்? அதுதான் முக்கியம். கண்ணை மூடியிருப்பாள், கையைக் கோத்திருப்பாள், இங்கேயே தெரிந்துவிடும், இனிமேல் ஒருவரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. திரும்பி எதிரே பார்த்தார்.

சுடர் கண்ணை மூடவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை அல்ல, செபம் பண்ணுகிறவர்களை அல்ல, அவர் முகத்தை, பிறகு சோற்றில் இருந்த அவர் கையை, பிறகு பின்னால் நகர்வதற்கு இடம் இருந்த அவர் நாற்காலியை. எழுந்திருப்பாரா என்று பார்க்கிறாள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. மச்சான் வீட்டு விருந்தில் ஐயர் வந்து மந்திரத்தை ஆரம்பித்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தவர் அவர். அப்போது அவள் கையெல்லாம் பாயசம். இன்றைக்கும் மணிக்கட்டை மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒவ்வொன்றையும் அவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தார், நாற்காலியை, டம்ளரை, படத்தை, உதட்டை. அவ்வளவு நேரமும் அவருடைய பிள்ளை அவரை வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். இந்த மேசையில் கண் திறந்திருக்கிறவர்கள் இரண்டே பேர், அந்த இரண்டு பேரும் அப்பனும் மகளும். எழுந்திருக்க மாட்டேன் கண்ணு என்று முகத்தால் சொல்லப் பார்த்தார். அப்படி ஒரு முகம் அவரிடம் இல்லை. கத்தத் தெரிந்த முகம் இருந்தது, வாதம் பண்ணத் தெரிந்த முகம் இருந்தது. அவள் கண் இன்னும் இறங்கவில்லை. அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

மூடியதும் பெரிய நிம்மதி ஒன்றும் வரவில்லை. இருட்டுக்குள் கம்ப்ரசர் ஓடுகிற பழைய இரைச்சல் வந்தது, எப்போதும் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது அது. கறியில் சோம்பு தூக்கலாக இருக்கிறது என்று மூக்கு சொன்னது. விரலிடுக்கில் சோறு சுட்டது. யாரையும் அவர் கூப்பிடவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பார்க்காமல் மட்டும் இருந்தார். பார்க்காமல் இருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று தெரியாது. இமைக்குள் கண் உருண்டுகொண்டே இருந்தது. இப்போது அவள் என்ன செய்கிறாளோ, மூடிவிட்டாளோ, கையைக் கோத்துக்கொண்டாளோ. கோத்துக்கொள்ளட்டும். கோக்காமல் இருக்கட்டும். ஒரு வருஷம் நிறுத்தட்டும், அதற்குப் பதில் சொல்லவில்லையே, சொல்ல வேண்டும். பாவாத்தாளிடம் என்னவென்று சொல்வது? இவ்வளவு நேரமா செபம் பண்ணுவார்கள், சோறு ஆறிவிடாதா?

அவர் மணிக்கட்டில் ஒரு கை பட்டது. "அப்பா" என்று வலது காதருகே சுடரின் குரல். "முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு. சாப்பிடுங்க." கண்ணைத் திறந்தார். ஞானதிரவியம் பாதிச் சோற்றைச் சாப்பிட்டிருந்தார். எமிலி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பரிமாறவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருந்தார். ஒருவரும் அவரைக் கலைக்கவில்லை. அர்த்தநாரிக்குக் காது மடல் சுட்டது. "நானொண்ணும் கும்பிடலீங்க!" என்றார். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். எமிலிக்குச் சிரிப்பில் புரையேறியது. சுடர் சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கதவைத் திறந்தபோது இருந்த முகத்தில் இந்தப் பல்வரிசை இருந்ததே தெரியவில்லை. "தெரியும்ப்பா" என்றாள். நாற்காலியை அவருடைய வலது பக்கத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஒரு வருசம் நிறுத்திக்க" என்று சோற்றைப் பார்த்துச் சொன்னார். எமிலி ரசம் ஊற்றினார். எடுத்தா என்ற சொல் இன்னும் தொண்டையில் அப்படியே நின்றது. அதன்மேலேயே ஒவ்வொரு வாயாக விழுங்கினார்.